வாரிசுகளின் ஹக்கும் ஒரு பழைய காரும்

மீராஸ் பாடம் ஓதியவர்கள் யாவரும் அறிந்ததே: 'ஸிராஜி' என்னும் கிதாபின் தொடக்கத்திலேயே, மய்யித்து விட்டுச் சென்ற பொருளில் நான்கு ஹக்குகள் வரிசையாக உண்டு என்று சொல்லப்படுகிறது. முதலில் கபன், தஃபன் செலவு. அடுத்து கடன். மூன்றாவதாக, கடன் போக எஞ்சியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத வஸிய்யத்து. அதற்குப் பிறகே வாரிசுகள். இந்த வரிசையை நான் இருபது வயதில் மனப்பாடம் செய்தேன். இமாமத்துக்கு வந்த பிறகு எங்கள் மஹல்லாவிலும் அக்கம்பக்கத்து ஊர்களிலும் எத்தனையோ குடும்பங்களுக்கு நடுவில் உட்கார்ந்து பங்கு பிரித்துக் கொடுத்திருக்கிறேன். வயல், தென்னந்தோப்பு, கடை, மனைக்கட்டு, நகை எல்லாம் பிரித்திருக்கிறேன். ஆனால் என் சொந்த வீட்டுக் கொட்டகையில் ஏழு ஆண்டுகளாக ஒரு மீராஸ் பொருள் பிரிக்கப்படாமல் நின்றுகொண்டிருந்தது. தினமும் ஃபஜ்ருக்குப் போகும்போது அதைத் தாண்டித்தான் போனேன்.

அது என் அத்தாவின் அம்பாசடர் கார்.

சென்ற ஆண்டு ஒரு வாலிபர் இஷா தொழுகைக்குப் பின் என்னிடம் வந்து, "ஹஜ்ரத், பாட்டனார் விட்டுப்போன பழைய வண்டியைச் செலவு செய்து சரிபண்ணுவது இஸ்ராஃப் ஆகுமா?" என்று கேட்டார். ஆகும் அல்லது ஆகாது என்று ஒரே சொல்லில் விடை எதிர்பார்த்தார் போலும். என் கொட்டகையில் நடந்துகொண்டிருந்த வேலை அவருக்குத் தெரியாது. அடுத்த வாரம் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அந்த வாரம் முடிந்து பல மாதங்கள் ஆகிவிட்டன. அவருக்குச் சொல்ல வேண்டிய விடையை, எனக்கு நேர்ந்ததையும் சேர்த்து, இங்கே எழுதுகிறேன்.

அம்பாசடர் காரைப் பற்றி இன்றைய பிள்ளைகளுக்குச் சற்றுச் சொல்லத்தான் வேண்டும். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் வடிவத்தை வைத்து, வங்காளத்தில் உத்தர்பாரா என்னும் ஊரில் இதைச் செய்தார்கள். 2014ஆம் ஆண்டில் அந்தத் தொழிற்சாலை உற்பத்தியை நிறுத்திவிட்டது. எங்களுடையது 1972ஆம் ஆண்டின் மார்க் 2. 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின். கியர் தண்டு கீழே இராது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே இருக்கும். அதனால் முன் சீட்டு ஒரே நீளமான பலகைபோல் இருக்கும். டிரைவரோடு மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். பின்னால் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கே கிடையாது. அந்நாளில் புது வண்டிக்குப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பார்கள். என் அத்தா நெல் மண்டி வைத்திருந்தவர். 1986இல் இதைப் பழைய வண்டியாகத்தான் வாங்கினார்.

மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நள்ளிரவில் பிரசவ வலி கண்ட பெண்களை மன்னார்குடிக்கும், அங்கே முடியாது என்றால் தஞ்சை மெடிக்கல் காலேஜுக்கும் அழைத்துக்கொண்டு போனது இந்த வண்டிதான். ஹாஜிகளைச் சென்னை விமான நிலையத்தில் விட்டுவந்ததும் இதுதான். பெட்ரோலுக்குக் காசு கொடுத்தால் வாங்கிக்கொள்வார், கொடுக்காவிட்டால் கேட்கமாட்டார். ஜாதி, மதம் பார்த்து ஏற்றியதில்லை.

2017இல் அத்தா வஃபாத் ஆனார்கள். அடுத்த ஆண்டு நவம்பரில் கஜா புயல் வந்தது. டெல்டாவில் தென்னை வைத்திருந்த குடும்பங்களுக்கு அந்த இரவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கொட்டகையின் தகரம் பறந்துபோயிற்று. ஒரு தென்னை மட்டை விழுந்து காரின் கூரை நசுங்கியது. தார்ப்பாய் போட்டு மூடினோம். மூடியதோடு சரி. தார்ப்பாய்க்கு அடியில் ஈரம் தங்கி, தரைத் தகடு துருப்பிடித்து உள்ளே கால் வைத்தால் மண் தெரியும் அளவுக்கு ஆகிவிட்டது. பழைய இரும்புக்காரர் வந்து பார்த்து 22,000 ரூபாய் என்றார். எனக்குக் கோபம் வந்தது. என் அத்தாவை எடைக்குக் கேட்டதுபோல் இருந்தது.

2023இல் மன்னார்குடியில் ஒரு மெக்கானிக்கிடம் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனேன். அவர் என் அத்தாவை அறிந்தவர். "ஹஜ்ரத்தே, ஒங்ககிட்ட எவ்வளவு இருக்குன்னு மொதல்ல சொல்லுங்க. வண்டி கேக்குறதைச் செய்யணும்னா முடியாது. நாமதான் வண்டிக்குச் சொல்லணும், இவ்வளவுதான்னு" என்றார். இமாமின் சம்பளம் இன்னதென்று வாசகர்களுக்குத் தெரியும். மாலையில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்துச் சேர்த்த பணம் கையில் கொஞ்சம் இருந்தது. அதற்குள் செய்வது என்று முடிவாயிற்று.

அவர் வகுத்த வரிசை எனக்கு மிகவும் பிடித்தது. முதலில் பிரேக். ஓடாத வண்டிக்குப் பிரேக் எதற்கு என்றேன். ஓட ஆரம்பித்த அன்றைக்கே நிற்கவும் வேண்டுமே என்றார். நான்கு சக்கரமும் டிரம் பிரேக். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்கள், லைனிங், குழாய்கள் எல்லாமாக 11,500 ரூபாய். அடுத்தது இன்ஜின். பிளாக்கை லேத்துக்கு அனுப்பி போரிங் செய்து, பிஸ்டன், ரிங், பேரிங் மாற்றி, வால்வு சீட்டைப் புதிதாக வைத்தார்கள். அந்தக் காலத்து இன்ஜின்கள் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டவை. 2000ஆம் ஆண்டோடு நம் நாட்டில் அந்தப் பெட்ரோல் நின்றுவிட்டது. ஈயம் இல்லாத பெட்ரோலில் பழைய வால்வு சீட்டு சீக்கிரம் தேய்ந்துபோகும். இப்போது பெட்ரோலில் எத்தனாலும் கலக்கிறார்கள். அது பழைய ரப்பர் குழாய்களை அரித்துவிடும் என்று அவற்றையும் மாற்றினார். ஆக 38,000. தரைத் தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்த டிங்கர் வேலைக்கு 14,000. டயர், டியூப், பாட்டரி 22,500. மொத்தம் 86,000 ரூபாய், ஓர் ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுக.

டிங்கர் வேலையின்போது ஓர் ஆலோசனை வந்தது. துருப்பிடித்த இடத்தை வெட்டாமல், மேலே பட்டி வைத்துத் தேய்த்துப் பெயிண்ட் அடித்துவிட்டால் பாதிச் செலவில் முடியும். இரண்டு வருஷத்துக்குத் தெரியாது. அதற்குள் விற்றுவிடலாம் என்று ஒருவர் சொன்னார். தானியக் குவியலின் மேற்புறத்தைக் காய்ந்ததாக வைத்து, நனைந்ததை அடியில் மறைத்திருந்த வியாபாரியை ரஸூலுல்லாஹி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் கண்டித்த ஹதீஸ் நினைவுக்கு வந்தது. வேண்டாம் என்றேன். அப்போது என்னைப் பற்றி எனக்கே ஒரு திருப்தி உண்டாயிற்று என்பதை மறைக்கவில்லை. காரில் துருவை மறைக்கக் கூடாது என்பதில் எவ்வளவு கவனமாக இருந்தேன்!

உதிரிபாகங்கள் விஷயத்திலும் அப்படியே. சென்னை புதுப்பேட்டையில் பழைய சாமான்கள் மலிவாகக் கிடைக்கும். அங்கே நாணயமான வியாபாரிகள் இருக்கிறார்கள். ஆனால் எந்த ஊரின் பழைய சாமான் சந்தையிலும் எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத பொருளும் இருக்கக்கூடும். திருட்டுப் பொருள் என்று பலமான சந்தேகம் உள்ளதை, விலை கொடுத்தேன் என்பதற்காக ஹலால் என்று சொல்ல முடியாது. ஆகவே பில் கொடுக்கும் கடையில் மட்டுமே வாங்கினேன். வட்டிக்குக் கடன் தருகிறோம் என்றவர்களிடமும் போகவில்லை. இத்தனை பேணுதல் செய்தவன் நான்.

இனி அந்தச் சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வயரிங் வேலைக்காக டாஷ்போர்டைக் கழற்றியபோது, சாமான் பெட்டிக்குப் பின்னால் விழுந்து கிடந்த ஒரு பழுப்புக் கவரை மெக்கானிக் எடுத்துக் கொடுத்தார். உள்ளே 2016ஆம் ஆண்டுத் தேதியிட்ட ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை பில். மொத்தம் 4,150 ரூபாய். அதன் அடியில் அத்தாவின் கையெழுத்தில், 1,500 கொடுத்தது, பாக்கி 2,650 என்று இருந்தது. தீர்த்ததற்கான குறிப்பு எதுவும் இல்லை. அத்தா பணம் கொடுத்தால் உடனே குறிக்கும் பழக்கமுடையவர்.

அத்தா வஃபாத்தான அன்று, கப்ருஸ்தானிலேயே, கடன் பாக்கி யாருக்காவது இருந்தால் என்னிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று நான் எல்லோர் முன்னிலையிலும் அறிவித்தேன். மூன்று பேர் வந்தார்கள், கொடுத்தோம். இந்தக் கடைக்காரருக்கு மௌத்துச் செய்தி தெரிந்திருக்காது. கடன் அடைபடும் வரையில் முஃமினுடைய ரூஹு அதனோடு பிணைபட்டே இருக்கும் என்ற கருத்தில் வந்துள்ள ஹதீஸை நான் எத்தனை ஜனாஸாவில் எடுத்துச் சொல்லியிருப்பேன்! ஏழு ஆண்டுகள் என் அத்தாவின் கடன் அந்த டாஷ்போர்டுக்குள் கிடந்திருக்கிறது. அன்று மாலையே அந்தக் கடைக்குப் போனேன். கடைக்காரரும் இறந்துபோயிருந்தார், மகன் உட்கார்ந்திருந்தார். சிரித்துக்கொண்டே, "எங்க அப்பாவே இதைக் கேட்டிருக்க மாட்டார் பாய்" என்றார். அவர்களுக்கும் அது வாரிசுச் சொத்துதான் என்று சொல்லி, அண்ணன் தம்பிகளிடம் தெரிவிக்கும்படி கேட்டுக்கொண்டு கொடுத்துவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்களுடைய வாரிசுகளைப் பற்றி நான் பேசிவிட்டு வருகிறேனே! கடன் என்பது இரண்டாவது ஹக்கு. நான்காவது ஹக்கு என்னவாயிற்று?

அந்த வாரக் கடைசியில் திருவாரூரிலிருந்து என் அக்கா வந்தார்கள். மச்சானுடைய ஜவுளிக்கடை கொரோனாவுக்குப் பிறகு மூடப்பட்டுவிட்டது. மகள் நர்ஸிங் படிக்கிறாள். பீஸ் கட்டுவதற்கு அவர்கள் பட்டுக்கொண்டிருந்த சிரமம் எனக்குத் தெரியும். தெரிந்து துஆச் செய்துகொண்டிருந்தேன். ஒர்க்ஷாப்பிலிருந்து ஓட்டிக்கொண்டுவந்து வாசலில் நிறுத்தியிருந்த காரின் முன் சீட்டை அக்கா தடவிப் பார்த்தார்கள். "நடுவுல உக்காருறது நான்தான். நீ அழுவே, ஜன்னலோரம் வேணும்னு" என்றார்கள். பிறகு சிரித்துக்கொண்டே, "இதுல எனக்கும் ஒரு சீட்டு இருக்குல்ல தம்பி?" என்றார்கள்.

நானும் சிரித்தேன். அவர்கள் விளையாட்டாகக் கேட்டார்களா, கேட்கவேண்டியதை விளையாட்டாகக் கேட்டார்களா என்பதை இன்றுவரை நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

இரவு ஒரு தாளை எடுத்து, பிறருக்கு எழுதிக்கொடுப்பதுபோல் எழுதினேன். மய்யித்தின் மனைவி ஒருவர், மகன் ஒருவன், மகள்கள் இருவர். பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதியில் மகனுக்கு இரண்டு, மகள்களுக்கு ஒவ்வொன்று. ஆகச் சொத்தை 32ஆக வைத்தால், அம்மாவுக்கு 4, அக்காவுக்கு 7, தங்கைக்கு 7, எனக்கு 14. பாதிகூட என்னுடையது அல்ல! ஓராண்டாக "என் அத்தாவின் கார்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு, அதைக் கழற்றி, வெட்டி, பற்றவைத்து, எந்த நிறம் அடிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மற்ற மூவரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அரசாங்கத்தின் ஆர்.சி. புத்தகத்தில் ஒருவர் பெயர்தான் எழுத முடியும் என்பது உண்மையே. மௌத்துச் செய்தியை முப்பது நாளைக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்றத்துக்கு எழுதிக்கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் கெடுவையும் நான் தவறவிட்டவன். ஆனால் ஆர்.சி.யில் யார் பெயர் இருந்தாலும், ஷரீஅத்தின் புத்தகத்தில் அன்றைக்கே நான்கு பெயர் ஏறிவிட்டது.

இங்கே ஒரு விஷயத்தை மனம்விட்டு எழுத வேண்டும். நம் ஊர்களில் பெண்மக்கள் தங்கள் பங்கைக் கேட்பதில்லை. கேட்டால் கூடப்பிறந்தவன் வீட்டு வாசல் அடைபட்டுவிடும் என்ற பயம். அந்த மௌனத்தை நாம் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறோம். கல்யாணத்துக்கு நகை போட்டு, சீர் செய்து அனுப்பியாயிற்றே என்று ஒரு நியாயமும் வைத்திருக்கிறோம். தகப்பனார் தம் ஹயாத்தில் மகளுக்குக் கொடுத்தது ஹதியா. அவர் மௌத்தான பிறகு அல்லாஹ் கொடுப்பது மீராஸ். முந்தியதைக் காட்டிப் பிந்தியதைப் பிடித்துவைக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. அது மட்டுமன்று. ஒரு வாரிசு தன் வாயாலேயே "என் ஹக்கை விட்டுவிட்டேன்" என்று சொன்னாலும், அந்தச் சொல்லால் மட்டும் அவருடைய ஹக்கு அழிந்துவிடாது என்று இப்னு நுஜைம் (ரஹ்) அவர்கள் எழுதியிருக்கிறார்கள். வாயால் விட்டதற்கே இந்த நிலை என்றால், வாயே திறக்காதவர்களின் பங்கை நாம் எந்த ஆதாரத்தில் அனுபவித்துக்கொண்டிருக்கிறோம்? இதை மிம்பரில் நான் சொல்லியிருக்கிறேன். கேட்ட ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்துமிருக்கிறேன்.

மறுநாள் என் உஸ்தாதிடம் போனேன். வயதானவர்கள், மத்ரஸாவை விட்டு ஓய்வுபெற்று வீட்டில் இருக்கிறார்கள். விஷயத்தைச் சொல்லி, நான் போட்ட 86,000த்தை முதலில் கழித்துக்கொண்டு மீதியைப் பங்கு வைக்கலாமா என்று கேட்டேன். எனக்கு விடை தெரியாமல் இல்லை. வேறு விடை கிடைக்குமா என்ற நப்பாசை.

"யாரைக் கேட்டுப்பா நட்டு போல்ட்டைக் கழற்றினே?" என்றார்கள்.

யாரையும் கேட்கவில்லை என்றேன். கூட்டுச் சொத்தில் மற்றவரின் பங்கைப் பொறுத்தவரை ஒவ்வொருவரும் அந்நியரே. பங்காளிகளின் அனுமதியும் இல்லாமல், காழியின் உத்தரவும் இல்லாமல் அதைச் செப்பனிட்டுச் செலவு செய்தவன் தபர்ருஃ செய்தவன், அதாவது தானாக முன்வந்து நன்கொடை கொடுத்தவன். அதைத் திரும்பக் கேட்க அவனுக்கு உரிமையில்லை என்ற சட்டத்தை எனக்கே ஓதிக் காட்டினார்கள். "டயரும் பாட்டரியும் தனியாக நிற்கிற பொருள், உன்னுடையவை, வேண்டுமானால் கழற்றிக்கொள். போரிங்கைக் கழற்ற முடியுமானால் அதையும் கழற்றிக்கொள்" என்று சொல்லிச் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. 63,500 ரூபாய்! அத்தாவின் பெயர் நிலைக்க வேண்டும் என்றுதானே செய்தேன் என்று சொல்லிப் பார்த்தேன். "அத்தாவின் பெயருக்கா, இன்னாரின் மகன் என்கிற உன் பெயருக்கா?" என்று கேட்டுவிட்டு, ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஒரு சம்பவத்தை ஞாபகப்படுத்தினார்கள். அப்துல்லாஹ் பின் உமர் (ரலி) அவர்கள் மக்காவின் வழியில் ஒரு கிராமத்து அரபியைச் சந்திக்கிறார்கள். தாம் சவாரி செய்துகொண்டிருந்த கழுதையையும், தலையில் கட்டியிருந்த தலைப்பாகையையும் அவருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். இவர்களெல்லாம் சொற்பத்துக்கே திருப்தி அடையக்கூடியவர்களாயிற்றே என்று உடன் இருந்தவர் கேட்கிறார். அந்த மனிதரின் தகப்பனார் என் தகப்பனார் உமருக்கு நேசராக இருந்தவர் என்பதே அவர்கள் கூறிய காரணம். தகப்பனாருக்குச் செய்யும் உபகாரங்களில் சிறந்தது அவர் நேசித்தவர்களோடு உறவைப் பேணுவது என்ற நபிமொழிக்கு அவர்கள் கொடுத்த விளக்கம் அது. வாகனத்தைக் காப்பாற்றி வைப்பதால் தகப்பனாரைக் கண்ணியப்படுத்துகிறேன் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அவர்களோ வாகனத்திலிருந்து இறங்கிக் கொடுத்தார்கள். என் அத்தா நேசித்தவர்களில் முதன்மையானவர், பீஸ் கட்ட முடியாத மகளை வைத்துக்கொண்டு என் வாசலில் நின்றார்.

அப்படியானால் அந்த வாலிபரின் கேள்விக்கு விடை என்ன? இஸ்ராஃபா இல்லையா?

பழைய பொருளை உயிர்ப்பிப்பது தன்னளவில் இஸ்ராஃப் அன்று என்பதே என் கருத்து. பொருளை வீணாக்குவதை அல்லாஹ் வெறுக்கிறான் என்று ஹதீஸில் வந்திருக்கிறது; ஓடக்கூடிய வண்டியைத் தார்ப்பாய்க்கு அடியில் மக்கவிட்டதும் அந்த வீணாக்கலில் சேரும். ஏழாண்டுகள் நான் செய்த முதல் குற்றம் அது. வீட்டில் பங்கு பிரிக்காமல் கிடக்கும் பொருள்களின் கதி பெரும்பாலும் இதுதான். எல்லோருக்கும் சொந்தம் என்பதால் யாரும் தொடமாட்டார்கள். பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கொடுப்பதில் இஸ்ராஃப் என்ற பேச்சே இல்லை. சாலையில் போகும் மற்றவர்களின் உயிர் அதில் இருக்கிறது. இன்ஜினும் தகடும் தேவையின் பாற்பட்டவை. பளபளக்கும் குரோமியம் பம்பர், அசல் சக்கர மூடி, அந்தக் காலத்து நிறம் இவை அலங்காரம். அலங்காரத்தை ஹராமாக்கியவர் யார் என்று திருமறை அஃராஃப் அத்தியாயத்தில் கேட்கும் தோரணையைப் பார்த்தால், அதை நாமாக விலக்கவும் முடியாது. சக்திக்கு உட்பட்டு, பெருமைக்கு இடமில்லாமல், தன் சொந்தப் பணத்தில் ஒருவர் செய்தால் செய்துகொள்ளட்டும். பெருமைக்கு இடமில்லாமல் என்று எழுதிவிட்டேன். அது எவ்வளவு கடினம் என்பது, பஸ் நிலையத்தில் நான்கு பேர் திரும்பிப் பார்க்கும்போது ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியும்.

ஆனால் வாலிபரே, எவ்வளவு செலவு செய்யலாம் என்பது உங்களுக்கு இரண்டாவது கேள்வி. நீங்களும் என்னைப்போல் அதை முதல் கேள்வியாக்கிவிட்டீர்கள். பாட்டனாரின் கார் என்கிறீர்கள். பாட்டனாருக்கு எத்தனை பிள்ளைகள்? அவர்களில் மௌத்தானவர்கள் யார், அவர்களின் வாரிசுகள் யார்? உங்கள் கணக்கு என்னுடையதைவிடச் சிக்கலானதாக இருக்கும்; தாளை எடுத்துக்கொண்டு வாருங்கள், போட்டுத் தருகிறேன். கையில் பணம் குறைவு, அதற்குள் எப்படி முடிப்பது என்று கவலைப்பட்டீர்கள். கையிருப்பு எவ்வளவு என்பதே பிறர் ஹக்குப் போனபிறகுதான் தெரியும்.

என் விஷயம் முடிந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். வண்டி விவரம் தெரிந்த இருவரை வைத்து, டயரும் பாட்டரியும் நீங்கலாக, நின்ற நிலையில் மதிப்புப் போட்டோம். 1,28,000 ரூபாய் என்றார்கள். ஒரு பங்குக்கு 4,000. அம்மாவுக்கு 16,000, அக்காவுக்கும் தங்கைக்கும் தலைக்கு 28,000, எனக்கு 56,000. நான் செய்த செலவால் ஏறிய விலையும் இதில் அடக்கம். அது அன்று என் நெஞ்சில் குத்தியது என்று ஒப்புக்கொள்கிறேன். இப்போதும் சில சமயம் குத்துகிறது.

வாரிசுகளில் ஒருவர் ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு விலகிக்கொள்வதற்கு ஃபிக்ஹில் தகாருஜ் என்று பெயர். அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களின் மனைவியரில் ஒருவர், உஸ்மான் (ரலி) அவர்களின் கிலாஃபத்தில் இவ்வாறு விலகிக்கொண்டது இதற்கு ஆதாரமாகச் சொல்லப்படும். அந்த முறையில் அக்காவின் 7 பங்கை நான் வாங்கிக்கொண்டேன். பெயிண்டுக்கும் குரோமியத்துக்கும் என்று சேர்த்திருந்த 45,000த்திலிருந்து 28,000த்தை எண்ணிக் கொடுத்தேன். அக்கா முதலில் வாங்க மறுத்தார்கள். "நான் சும்மா கேட்டதை நீ பெரிசா எடுத்துக்கிட்டியே" என்று அழுதார்கள். இது நான் தருவதல்ல, ஏழு வருஷம் என்னிடம் தங்கிவிட்டது என்றேன். இரண்டு நாள் கழித்து மச்சான் போன் செய்து, பீஸ் கட்டியாயிற்று என்று மட்டும் சொன்னார். வீடு, மண்டி ஆகியவற்றின் பங்கீட்டையும் நாங்கள் அப்போதே எழுதிவைத்தோம்; அது வேறு கதை, அதில் சிரமம் ஒன்றும் இருக்கவில்லை.

அம்மா தம் 4 பங்கை விற்கவில்லை. ராத்திரியில் யாருக்காவது முடியாமல் போனால் வண்டியைக் கொடுக்க வேண்டும், அதற்குத்தான் என் பங்கு என்றார்கள். 50 ஆண்டு கடந்த வண்டிகளை விண்டேஜ் என்று பதிவுசெய்ய 2021இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அதற்கு 20,000 ரூபாய் கட்டணம் வைத்தார்கள். அப்படிப் பதிந்தால் அன்றாட ஓட்டத்துக்குச் சாலையில் எடுக்கக் கூடாது. அம்மாவின் நிபந்தனைக்கு அது ஒத்துவராது என்பதால், சாதாரண முறையிலேயே பதிவைப் புதுப்பித்து, எல்லோரும் கையெழுத்திட்டுக் கொடுத்த பிறகு ஆர்.சி.யை என் பெயருக்கு மாற்றினோம்.

தங்கை குடும்பத்தோடு கோலாலம்பூரில் இருக்கிறாள். பணம் வேண்டாம், என் 7 பங்கு வண்டியிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். ஆகவே இன்றும் அது கூட்டுச் சொத்துதான். ஒவ்வொரு செலவுக்கும் முன்னால் அவளைக் கேட்கிறேன். வண்டி இப்போது பிரைமர் அடித்த சாம்பல் நிறத்தில் நிற்கிறது. இடதுபக்கப் பின்கதவு மட்டும் பழைய வெள்ளை. பம்பரில் துரு இருக்கிறது. சென்ற மாதம் ஒரு மூதாட்டியை இரவு இரண்டு மணிக்குத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். வழியில் எங்கும் நிற்கவில்லை.

பெயிண்டுக்கு 35,000 ஆகும் என்று மெக்கானிக் சொன்னதைத் தங்கைக்கு எழுதினேன். அவள் பங்குக்கு எவ்வளவு வருகிறது என்று கணக்குக் கேட்டு எழுதிவிட்டு, "ஹாரன் இன்னும் அதே சத்தம்தானா அண்ணே?" என்று கேட்டிருந்தாள். ஹாரன் வேலை செய்யவில்லை. அதை முதலில் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.